ஃபர்னஸ் ஃபில்டர்: ஒரு அங்குலத்திலிருந்து நான்கு அங்குலத்துக்கு

கனடாவின் மிசிசாகாவில் எங்கள் வீட்டு ஃபர்னஸ் இந்தக் குளிர்காலம் முழுக்க நடுவில் அணையாமல் ஓடியது. போன குளிர்காலத்தில் இதே ஃபர்னஸ் சில நிமிடம் எரியும், அணையும், விசிறி மட்டும் சுற்றும், மறுபடி எரியும். இரண்டுக்கும் நடுவில் மாறியது ஃபில்டரும் அது உட்காரும் பெட்டியும்தான். எரிவாயுக் குழாயையோ புகைபோக்கியையோ தொடவில்லை. எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைத் தொட உரிமம் பெற்ற டெக்னீஷியனால்தான் முடியும், அது சரியான சட்டம். ஆனால் ஃபில்டர் பக்கம் வீட்டுக்காரரே செய்யக்கூடியது. அதில் இத்தனை விஷயம் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஃபர்னஸ் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறைகளில் இருக்கும் குளிர்ந்த காற்றை ரிட்டர்ன் டக்ட் என்கிற தகரக் குழாய் வழியாக பேஸ்மென்ட்டுக்கு இழுத்து, சூடாக்கி, வேறு குழாய்கள் வழியாக மறுபடி அறைகளுக்கு அனுப்புகிற பெட்டி அது. இழுப்பதும் தள்ளுவதும் ப்ளோவர் என்கிற விசிறி. ப்ளோவருக்கு முன்னால் நிற்பது ஃபில்டர். கோடையில் ஏசிக்கும் இதே ப்ளோவர்தான் காற்றைத் தள்ளுகிறது. ஆக ஃபில்டருக்கு வருடம் முழுக்க வேலை.

எங்கள் வீட்டில் இருந்தது 16க்கு 25க்கு 1 என்ற அளவு. இது பெயரளவு மட்டுமே. உண்மையில் அளந்தால் பதினைந்தே முக்கால், இருபத்து நாலே முக்கால், தடிமன் முக்கால் அங்குலம். புதிதாக வீடு வாங்கியவர்கள் டேப்பால் அளந்துகொண்டு போய்க் கடையில் அந்த எண்ணைத் தேடித் திண்டாடுவார்கள். பழைய ஃபில்டரின் அட்டை ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவை போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போதும்.

ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் மெர்வ், எண் கூடக்கூட நுணுக்கமும் கூடும். 2023 ஜூன் வரை மெர்வ் 8 போட்டுக்கொண்டிருந்தோம். அந்த மாதம் கியூபெக் காட்டுத்தீப் புகை தெற்கே இறங்கியது. நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமான அதே வாரம்தான், டொராண்டோ பக்கமும் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. கடைக்குப் போய் அதே அளவில் மெர்வ் 13 வாங்கிவந்து மாட்டினேன். வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட்டில் விசிறியை ஆட்டோவிலிருந்து ஆனுக்கு மாற்றினேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விசிறி சுற்றினால்தான் ஃபில்டர் வழியாகக் காற்று போகும். ஏசி ஓடாத நேரத்தில் ஆட்டோவில் விட்டால், எவ்வளவு நல்ல ஃபில்டர் இருந்தாலும் அது சும்மாதான் நிற்கும்.

மெர்வ் எண்ணுக்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் ஆஷ்ரே 52.2 என்ற அளவுமுறை. மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள தூசில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். 1 மைக்ரானுக்குக் கீழே அதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. காட்டுத்தீப் புகைத்துகளில் பெரும்பகுதி அந்த 1 மைக்ரானுக்குக் கீழேதான் இருக்கிறது. மெர்வ் 13 அந்தச் சின்னத் துகளிலும் பாதியையாவது பிடிக்க வேண்டும். ஆக, புகைக்கு மெர்வ் 13 வாங்கியது சரியான காரியமே. இரண்டு வாரத்தில் வெள்ளையாக இருந்த மடிப்புத்தாள் கருஞ்சாம்பலாகிப் புகைநாற்றம் அடித்தது. அதெல்லாம் எங்கள் நுரையீரலுக்குப் போகாமல் நின்றதே என்று நிம்மதியாக இருந்தது.

அதன்பிறகு மெர்வ் 13ஐயே தொடர்ந்தோம். 2023-24 குளிர்காலம் கனடா முழுவதுக்கும் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான குளிர்காலம். ஃபர்னஸுக்கு அதிக வேலை இல்லாததால் எந்தக் குறையும் தெரியவில்லை. தெரிந்தது 2025 ஜனவரியில். மைனஸ் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போன ஒரு இரவில் தெர்மோஸ்டாட் 21 கேட்கிறது, வீடு 18ஐத் தாண்ட மறுக்கிறது.

கீழே போய்ப் பார்த்தேன். ஃபர்னஸின் கீழ்க்கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கிறது. அதன் வழியாக உள்ளே கன்ட்ரோல் போர்டில் மினுக்கும் விளக்கைப் பார்க்கலாம். கதவைக் கழற்றிப் பார்க்கக் கூடாது, கதவுக்குப் பின்னால் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது, திறந்தவுடன் மின்சாரம் நின்று அந்தக் குறியீடும் போய்விடலாம். விளக்கு நான்கு முறை மினுக்கி, இடைவெளி விட்டு, மறுபடி நான்கு முறை மினுக்கியது. அதைக் குறித்துக்கொண்ட பிறகே கதவைக் கழற்றினேன். அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி எங்கள் ஃபர்னஸில் அதற்குப் பொருள், ஹை லிமிட் சுவிட்ச் திறந்திருக்கிறது. ஃபர்னஸுக்குள் வெப்பம் எல்லை மீறினால் தீயை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுகிற காவல்காரன் அந்த சுவிட்ச்.

வெப்பம் ஏன் மீறுகிறது? எரிகிற தீ அதே அளவுதான். அதன் சூட்டை எடுத்துப்போகப் போதுமான காற்று வரவில்லை. ஃபில்டரை உருவினேன். நவம்பரில் மாட்டியது. பெட்டியில் மூன்று மாதம் வரை என்று போட்டிருந்தது, இரண்டு மாதத்துக்குள்ளேயே தடித்த சாம்பல் கம்பளி போல் ஆகியிருந்தது. தாளிப்பு, சாம்பிராணி, ஜன்னல் திறக்காத வீடு, ஐந்து பேர் துணி உலர்த்தும் ட்ரையரின் பஞ்சு எல்லாம் அதில் இருந்தது. கையிருப்பில் இருந்த பழைய மெர்வ் 8ஐ மாட்டியதும் அந்த இரவு வீடு சூடேறிவிட்டது.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. புகைக்காலம் இனி அடிக்கடி வரும், அம்மாவுக்கு நல்ல ஃபில்டர் வேண்டும். ஃபர்னஸும் மூச்சுத் திணறக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தகர டக்ட் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எந்த மெர்வ் வாங்கலாம் என்று கேட்டேன். “அந்த நம்பரை விடும் தம்பி. காத்து எவ்வளவு போகுதெண்டு முதல்ல அளந்து பாரும்” என்றார். அளப்பதற்கு என்ன வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

முதலில் வெப்பநிலை. ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் டெம்பரேச்சர் ரைஸ் என்று ஓர் எல்லை போட்டிருக்கும். உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் காற்றுக்கும் இடையிலான வித்தியாசம் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது 35 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட். சமையலறையில் பயன்படுத்தும் குச்சி மாதிரி டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன். ரிட்டர்ன் டக்டில் கால் அங்குலத் துளை ஒன்று, சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் சப்ளை டக்டில் ஒன்று. சப்ளைத் துளையை ஃபர்னஸுக்கு நேர் மேலே போடக் கூடாது. அங்கே ஏசியின் காயில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் சுருள் குழாய், இருக்கிறது, அதில் ட்ரில் பட்டால் பெரிய செலவு. தவிர, சூடான உலோகத்தின் வெப்பம் நேராகக் குச்சியில் அடித்துத் தப்பான எண் காட்டும். டக்ட் ஒரு வளைவு திரும்பிய பிறகு துளையிட்டேன். ஃபர்னஸ் 15 நிமிடம் தொடர்ந்து ஓடிய பிறகு இரண்டையும் படித்துக் கழிக்க வேண்டும். முடிந்தபின் துளையை ஃபாயில் டேப்பால் மூடிவிடலாம்.

அடுத்தது அழுத்தம். இதற்கு மேனோமீட்டர் வேண்டும். இரண்டு ரப்பர் குழாய் வைத்த, கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கருவி. ஒரு குழாய் ஃபில்டருக்கு முன்னால், இன்னொன்று ஃபில்டருக்குப் பின்னால் ப்ளோவர் பகுதியில். அந்தப் பகுதிக்குப் புதிதாகத் துளையிடவில்லை, வயர் நுழைய விட்டிருந்த பக்கத்துத் துளை வழியாகவே குழாயை நுழைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டேன். ஃபில்டரைத் தாண்டுவதற்குக் காற்று இழக்கும் அழுத்தம் திரையில் தெரியும். அலகு, அங்குலத் தண்ணீர், அதாவது அந்த அழுத்தம் தண்ணீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்பது. எங்கள் ஃபர்னஸின் பலகையில் மொத்தமாக 0.5 அங்குலம் வரை தாங்கும் என்று இருக்கிறது. குழாய்கள், ஏசி காயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். அதில் ஃபில்டர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தின்னக் கூடாது, அதாவது 0.1, என்பது அண்ணனின் கணக்கு.

எண்கள் என்னைத் திகைக்க வைத்தன. தூக்கிப்போடாமல் வைத்திருந்த அந்த அழுக்கு மெர்வ் 13ஐ மறுபடி மாட்டி அளந்தபோது, ஃபில்டர் ஒன்றே 0.41 எடுத்தது. வெப்ப வித்தியாசம் 74 டிகிரியை எட்டியபோது தீ அணைந்துவிட்டது. பிரித்த புத்தம் புது மெர்வ் 13 மாட்டினால் 0.27, வித்தியாசம் 64. புதிதாக இருக்கும்போதே எல்லையின் விளிம்பில்! புது மெர்வ் 8க்கு 0.17, வித்தியாசம் 56. ஃபில்டரே இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டதில் 49.

எங்கள் ப்ளோவர் மோட்டார் பழைய வகை. தடை கூடினால் தள்ளும் காற்று குறைந்துவிடும். புதிய ஈசிஎம் மோட்டார்கள் தடைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும், ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கும், சத்தமும் கூடும். அந்த வீடுகளில் தொந்தரவு வேறு வடிவத்தில் வருமே தவிர வராமல் போகாது.

ஒரு அங்குல ஃபில்டரில் சிக்கல் இதுதான்: மடிப்பின் ஆழம் முக்கால் அங்குலம், அதற்குள் எவ்வளவு தாளை மடித்து வைக்க முடியும்? அதே 16க்கு 25 முகத்தில் நான்கு அங்குல ஆழம் கிடைத்தால் தாளின் பரப்பு சில மடங்கு கூடும். அதே கண்ணளவில் பெரிய சல்லடை எடுத்தால் மாவு சுலபமாக இறங்குவதுபோல, அதே மெர்வ் எண்ணிலேயே காற்று சுலபமாகப் போகும். அழுக்கு சேர இடமும் அதிகம். மீடியா கேபினட் என்று அதற்கான தகரப் பெட்டி விற்கிறார்கள். ரிட்டர்ன் டக்டுக்கும் ஃபர்னஸுக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும்.

பெட்டியின் அகலம் சுமார் 7 அங்குலம். எங்கள் வீட்டில் ரிட்டர்ன் டக்ட் மேலிருந்து இறங்கி, முழங்கை மாதிரி வளைந்து, பக்கவாட்டில் ஃபர்னஸுக்குள் நுழைகிறது. வளைவுக்கும் ஃபர்னஸுக்கும் நடுவில் நேரான துண்டு 10 அங்குலம் இருந்தது. பழைய ஃபில்டர் செருகும் பிளவும் அதில்தான். இடம் போதும் என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். அண்ணன் வந்து பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: “வெட்ட முதல், பில்டரை வெளியில இழுக்க இடமிருக்கோ எண்டு பாத்தனீரோ?”

பார்க்கவில்லை. ஃபில்டரின் நீளம் 25 அங்குலம். கேபினட்டின் கதவு நான் நினைத்த பக்கம் திறந்தால் எதிரே வெந்நீர்த் தொட்டி 19 அங்குலத்தில் நிற்கிறது. முழு ஃபில்டர் ஒருபோதும் வெளியே வராது. நல்லவேளை, இந்தப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் கதவு மறுபக்கம் வந்துவிடும். அந்தப் பக்கம் படிக்கட்டு வரை காலியிடம். உங்கள் வீட்டில் இதைச் செய்ய நினைத்தால் கேபினட் வாங்குவதற்கு முன்பே அந்த இழுக்கும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இந்த வேலை முழுவதிலும் வெட்டிய பிறகு திருத்த முடியாத விஷயம் அது ஒன்றுதான்.

வெட்டும் நாள் கோடைக்கு முன் மே மாதத்தில், ஃபர்னஸும் ஏசியும் தேவைப்படாத சமயம். தெர்மோஸ்டாட்டை அணைத்து, ஃபர்னஸ் பக்கத்திலிருக்கும் சுவிட்சை அணைத்து, பேனலில் பிரேக்கரையும் இறக்கினேன். தகரக் கத்தரி மூன்று நிறத்தில் வரும்: சிவப்புப் பிடி இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு, மஞ்சள் நேராக வெட்ட. மூன்றும் தேவைப்பட்டது. வெட்டிய தகரத்தின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். சாதாரணத் தோட்டக் கையுறை போதாது, வெட்டுத் தாங்கும் கையுறை வேண்டும். வெட்டும்போது பிசிறு விழுந்து ப்ளோவருக்குள் போகாமலிருக்க ஃபர்னஸ் வாயில் ஒரு பழைய போர்வையை அடைத்துவைத்தோம். எடுக்க மறக்கக் கூடாது என்பதற்காக அதன் ஒரு முனையை வெளியே தொங்கவிட்டார் அண்ணன்.

பெட்டியை இரண்டு பக்கமும் 8ஆம் நம்பர் அரை அங்குலத் தகர ஸ்க்ரூவால் இறுக்கினோம். டக்டின் உயரமும் பெட்டியின் உயரமும் ஒரு அங்குலம் வித்தியாசப்பட்டதால் அண்ணன் மிச்சத் தகரத்தை மடித்து ஒரு பட்டை செய்து கொடுத்தார். அந்த மடிப்பை நான் தனியாகச் செய்திருக்க முடியாது, கைப்பழக்கம் உள்ளவர் வேண்டும். எல்லா இணைப்பிலும் ஃபாயில் டேப். டக்ட் டேப் என்ற பெயரில் விற்கும் சாம்பல் துணி டேப்பை இங்கே ஒட்டவே கூடாது. சூட்டில் காய்ந்து சில வருடத்தில் உரிந்துவிடும். ஃபாயில் டேப் ஒட்டுமுன் தகரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒட்டியபின் ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்து அழுத்த வேண்டும்.

இந்த ஒட்டு வேலைக்கு அரை நாள் போனது, அதற்கு அது தகும். பழைய அமைப்பில் ஃபில்டர் செருகும் பிளவுக்கு மூடியே இல்லை. ஒரு அங்குல அகலப் பிளவு வழியாக பேஸ்மென்ட் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேராக ப்ளோவருக்குள் போயிருக்கிறது. ப்ளோவர் இறக்கைகளில் படிந்திருந்த தூசியே அதற்குச் சாட்சி. எரிவாயுவில் எரியும் பழைய வகை வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இது ஆபத்தும்கூட. பிளவு வழியாக இழுக்கும் காற்று, தொட்டியின் புகைபோக்கியில் மேலே போக வேண்டிய புகையையும் கீழே இழுத்துவிடலாம். கேபினட் வைக்க வசதி இல்லாதவர்கள் பிளவுக்குக் காந்தப் பட்டை மூடி ஒன்றாவது வாங்கி ஒட்டுங்கள். மெர்வ் எண்ணைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் அதுதான்.

அப்புறம் புது ஃபில்டர். ஓரத்தில் அச்சடித்த அம்புக்குறி காற்று போகும் திசையில், அதாவது ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். டக்டின் மேலேயே மார்க்கரால் பெரிய அம்பு வரைந்துவிட்டேன், வீட்டில் யார் மாற்றினாலும் குழம்ப வேண்டாம். ஃபில்டர் ஓரத்தில் மாட்டிய தேதியும் எழுதியாயிற்று.

குளிர் தொடங்கியதும் மறுபடி அளந்தேன். நான்கு அங்குல மெர்வ் 11க்கு 0.09, வெப்ப வித்தியாசம் 51. அதே ஆழத்தில் மெர்வ் 13க்கு 0.12, வித்தியாசம் 52. ஒரு அங்குல மெர்வ் 8ஐவிடச் சுலபமாக நான்கு அங்குல மெர்வ் 13 காற்றை விடுகிறது! அண்ணனின் 0.1 கணக்கைச் சற்றுத் தாண்டினாலும் பெயர்ப்பலகை எல்லையின் நடுவில் நிற்கிறோம். மூன்று மாதம் ஓடியபின் அதே ஃபில்டர் 0.14 காட்டியது. 0.2 தொட்டால் மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். காலண்டரைவிட இது நம்பகமானது, ஏனென்றால் தூசி வீட்டுக்கு வீடு வேறு.

செலவு, எல்லாம் கனடிய டாலரில். கேபினட் 115, கத்தரி மூன்றும் சேர்த்து 48, ஃபாயில் டேப் 14, ஸ்க்ரூ 8, கையுறை 16, மேனோமீட்டர் 62, தெர்மாமீட்டர் இரண்டும் 30. வரிக்கு முன் 293. நான்கு அங்குல மெர்வ் 13 ஃபில்டர் ஒன்று 49. ஒரு அங்குல மெர்வ் 13 ஒவ்வொன்றும் 24க்கு வாங்கி இரண்டு மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியிருந்தது, வருடத்துக்கு 144. இப்போது வருடத்துக்கு இரண்டு போட்டாலும் 98. கேபினட் வைத்துத் தரச் சொல்லி ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டபோது 650 சொன்னார்கள். கைக்கு உதவியாக அண்ணன் போல ஒருவர் இல்லாவிட்டால் அதைக் கொடுத்துச் செய்வதிலும் தப்பில்லை, இழுக்கும் தூரத்தை மட்டும் நீங்களே அளந்துவிடுங்கள்.

மறுபடி செய்வதாக இருந்தால் மேனோமீட்டரை முதலில் வாங்குவேன். 2023இலேயே அது கையில் இருந்திருந்தால் ஒரு அங்குல மெர்வ் 13ஐப் புகை அடங்கியதும் கழற்றியிருப்போம். 20க்கு 25 கேபினட்டுக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்திருப்பேன். முகப் பரப்பு கால் பங்கு கூடியிருக்கும், 0.12 இன்னும் இறங்கியிருக்கும். கேபினட்டுக்கு முன்னும் பின்னும் மேனோமீட்டர் குழாய்க்கு நிரந்தரமாக ரப்பர் அடைப்பு வைத்த துளை இரண்டு போட்டிருப்பேன், இப்போது ஒவ்வொரு முறையும் டேப்பைப் பிரித்து ஒட்டுகிறேன்.

விசிறியை நாள் முழுக்க ஆனில் விடுவது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். எங்கள் மோட்டார் சுமார் 400 வாட் இழுக்கிறது, நாளுக்கு 10 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. புகை நாட்களில் மட்டும் அப்படி விடுகிறோம், மற்ற நாட்களில் ஆட்டோ.

மிச்சமிருப்பது ரிட்டர்ன் டக்டின் மேல்பகுதி. பேஸ்மென்ட் கூரையை ஒட்டிப் போகும் அதன் இணைப்புகளில் ஊதுபத்தியைக் காட்டினால் மூன்று இடத்தில் புகை உள்ளே இழுபடுகிறது. இரண்டை ஃபாயில் டேப்பால் அடைத்துவிட்டேன். மூன்றாவது, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் இருக்கிறது. அதற்கு பிரஷ்ஷால் பூசும் மாஸ்டிக் பசை ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், ஏப்ரலில் ஃபர்னஸ் ஓய்ந்ததும் பூச வேண்டும்.